கூப்பிட்டால் வரும் மாடு

போன வாரம் சென்னைத் தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க ஏற்காடு வந்திருந்தாள். பெயர் சாந்தி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது புதிதாகப் போட்டிருக்கும் ஏதோ ஒரு நிபுணர் குழுவுக்கு அவளை உதவியாளராக அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம். ஒரு பிரிவின் எண்ணை மாற்றினால் வரைவு முழுவதும் தானே மாறிக்கொள்கிறதாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்தக் காலத்துல ஒரு பிரிவு சரியா தப்பான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க மேடம்?" என்று கேட்டாள்.

நடித்துப் பார்ப்போம் என்றேன். மலைக்காற்றில் இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். காபியை மளமளவென்று குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவள் உட்கார்ந்து கேட்காமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த ஊர்க்காரிதான். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் சிஸ்டர்களிடம் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்றேன். எஸ்டேட் ஆபீஸ் ஒன்றில் சில காலம் தட்டினேன். தேர்வு எழுதி சேலத்தில் அரசு வேலைக்குப் போனேன். அதுவரை சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில், நான் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மே மாதத்தில்.

மலை ஊர்களுக்கென்று சில மசோதாக்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அவை சட்டசபைக்குப் போகும் முன் படித்துப் பார்த்து யோசனை சொல்ல அரசு ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்திருந்தது. மலைச் சட்டத்தை மலையில் உட்கார்ந்துதான் ஆராய வேண்டும் என்று, கத்திரி வெயில் தொடங்கிய அன்றைக்குக் குழுவுக்குத் தோன்றியது. அவர்களோடு கிளம்பிய ஸ்டெனோ, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, பாதி மலையில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தித் திரும்பிப் போய்விட்டார். வளைவில் வாந்தி எடுக்காத ஸ்டெனோ ஒருவர் உடனே வேண்டும் என்று சேலத்துக்குப் போன் வந்தது. என்னுடைய தகுதி அவ்வளவுதான்.

குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி விசுவநாதன். கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் ரங்கராஜன், கதவுக்குள் பக்கவாட்டாக நுழைகிற அளவுக்கு ஆகிருதி. மூன்றாமவர் குழுவின் செயலாளர் கோதண்டம். வரைவுகளை எழுதியவரே அவர்தான். ஒரு பிரிவை யாராவது குறை சொன்னால், தன் பிள்ளையைப் பள்ளியில் அடித்துவிட்டார்கள் என்பதுபோல் முகம் மாறிவிடும்.

நீதிபதி மே மாதத்திலும் குரங்குத் தொப்பி போட்டிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் கூட்டத்தில் கோதண்டம் வரைவை வாசிக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என் வாழ்நாள் பூரா அடுத்தவன் எழுதின வாக்கியத்துக்காக ஆளுங்களை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கேன். எழுதினவன் ஒரு தடவை அதைச் செஞ்சு பார்த்திருந்தா அதுல பாதிப் பேர் வீட்டுல இருந்திருப்பான். வாசிக்க வேண்டாம். நடத்திப் பார்ப்போம்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அதுதான் முறை. காலையில் ஒரு பிரிவை எடுப்போம். ஒருவர் அதிகாரி, ஒருவர் பொதுஜனம், ஒருவர் புகார் கொடுப்பவர் என்று வேஷம் பிரிப்பார். அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும். பொதுஜனம் நிற்க வேண்டும். சட்டம் உட்காரச் சொல்லாத வரைக்கும் உட்காரக் கூடாது. டாக்டர் ரங்கராஜன் பொதுஜனமாக இருந்த ஒரு காலை முழுவதும் நின்றே இருந்ததில், காத்திருப்பவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதை அவர்தான் முன்மொழிந்தார்.

இதில் என் வேஷம் சட்டம். யாராவது கேட்டால் வரைவில் உள்ளதை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. ஒரு தடவை பழக்கத்தில் தலையை ஆட்டிவிட்டேன். "சட்டம் தலையாட்டக் கூடாது ஸ்டெல்லாம்மா" என்றார் நீதிபதி. வீட்டில் என் பேச்சை நாய்கூடக் கேட்காத காலம் அது. இங்கே நான் வாயைத் திறந்தால் ஒரு நீதிபதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எனக்கு அந்த வேஷம் ரொம்பப் பிடித்திருந்தது.

ஏரியில் படகு விடுவதற்கான விதிகளைப் படகிலேயே நடத்திப் பார்த்தோம். ஆபத்து நேரத்தில் பயணிகள் எழுந்து நின்று இரு கைகளையும் உயர்த்திக் கரைக்குச் சைகை காட்ட வேண்டும் என்று வரைவில் இருந்தது. கோதண்டம் எழுந்து கையை உயர்த்தினார். எதிர்ப்பக்கம் டாக்டரும் எழுந்தார். அதுவரை ஆபத்து எதுவும் இல்லை, அப்புறம் வந்தது. கரையிலிருந்த ஜனம் சர்க்கஸ் என்று நினைத்துக் கை தட்டியது. நான் சட்டமாதலால் கரையில் நின்று, பிரிவில் நீந்துவதைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை என்பதை மட்டும் உரக்க வாசித்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். அந்தப் பிரிவு அன்றே போயிற்று.

எங்களை ஆட்டி வைத்தது மாட்டுச் சட்டம்தான்.

இந்த மலையில் சாமையும் ராகியும் அறுத்து முடிந்ததும் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அவை போக்கில் மேயும். சாயங்காலம் வீட்டுக்காரர்கள் மேட்டில் நின்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. அந்தந்த மாடு அந்தந்தக் குரலுக்கு வந்துவிடும். நடுவில் அவை எஸ்டேட்டுகளுக்குள் புகுந்து விடுவதாக முதலாளிமார் புகார் கொடுத்திருந்தார்கள். அதற்காகத்தான் கோதண்டம் வரைவு எழுதியிருந்தார். அத்துமீறிய மாட்டை அரசாங்கப் பட்டியான பவுண்டில் அடைக்க வேண்டும். மாட்டை மீட்க இரண்டு சான்று வேண்டும். இன்னார் மாடுதான் என்று மணியக்காரர் எழுதித் தர வேண்டும், இந்த மாடுதான் அந்த மாடு என்று கால்நடை மருத்துவர் எழுதித் தர வேண்டும். மருத்துவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டுவிடுவார்களே என்று, உரிமையாளரின் தொழுவத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரிவு. பவுண்டுக்காரர் வீட்டில் ஓசிப் பால் காய்ச்சிவிடுவார்களே என்று, அடைபட்ட மாட்டிடம் எந்த நபரும் பால் கறக்கக் கூடாது என்று இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல பிரிவுதான். கோதண்டம் எழுதியதாயிற்றே.

இதற்கு நிஜ மாடு வேண்டும் என்றார் நீதிபதி. ஊர்க்காரி என்று என்னைக் கூட்டிக்கொண்டு தலைச்சோலை என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். அங்கே வெள்ளையம்மா என்றொரு அம்மா. அறுபது வயதிருக்கும். ஒரே ஒரு மாடு, மல்லி என்று பெயர். கட்டுத்தரையில் ஈன்று கொஞ்ச நாளே ஆன கன்று நின்றது. அதற்கு இன்னும் புல் கடிக்கத் தெரியாது. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் வெள்ளையம்மா என்னைப் பார்த்தார்.

"சட்டத்துக்கு மாடு எதுக்குங் கண்ணு?"

நீதிபதி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் கறவை நேரத்துக்குள் மாடு இதே இடத்தில் நிற்கும், இது என் வாக்கு என்றார். இவ்வளவு பெரிய மனிதர் வாசலில் வந்து நிற்கும்போது என்ன சொல்வது என்று வெள்ளையம்மா கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டார். கன்றையும் கூட்டிப் போனால் நடிப்புக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டு வந்தோம்.

மல்லியை ஊர் ஓரத்து எஸ்டேட் ஒன்றில் விட்டோம். டாக்டர் வாட்ச்மேனாக வந்து பிடித்தார். பவுண்டுக்குக் கொண்டுபோனோம். பவுண்டுக்காரர் பொன்னுசாமி ஒல்லியான, பயந்த மனிதர். முன்பு ஒரு பெரிய மனிதர் வாய்வார்த்தையாகச் சொன்னதற்காக ஒரு காளையைத் திறந்து விட்டு, அதற்காகச் சஸ்பெண்ட் ஆகி, வீட்டில் உலை கொதிக்காமல் இருந்தவர். அவரிடம் வரைவின் ஒரு பிரதியைக் கொடுத்து, இனி இதுதான் முறை என்று கோதண்டம் கம்பீரமாகச் சொன்னார். இது நடிப்பு என்று பொன்னுசாமிக்குச் சொல்ல வேண்டியவர் கோதண்டம்தான் என்று நீதிபதி நினைத்திருந்தார். டாக்டர் சொல்லியிருப்பார் என்று கோதண்டம் நினைத்தார். ஊர்க்காரி என்பதால் நான் சொல்லியிருப்பேன் என்று டாக்டர் நினைத்தார். நான் சட்டம். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது.

மதியம் சாப்பிட்டுவிட்டு மாட்டை மீட்கப் போனோம். கோதண்டம் பேண்ட்டுக்கு மேல் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்காரராக வந்தார். மாடு வெள்ளையம்மாவுடையது என்று மணியக்காரராக நீதிபதி எழுதிய சான்றைப் பொன்னுசாமி வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அடுத்தது டாக்டர். அவர் மாட்டின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்ததும் பொன்னுசாமி குறுக்கே வந்தார். தொழுவத்தில் அல்லவா பார்க்க வேண்டும் என்றார். நீதிபதி என்னைத் திரும்பிப் பார்க்க, நான் வாசித்தேன். ஆமாம், உரிமையாளரின் தொழுவத்தில். சரி, மாட்டைத் தொழுவத்துக்கு ஓட்டிப் போகலாம் என்றார் கோதண்டம். மருத்துவரின் சான்று இல்லாமல் மாடு வெளியே போகக் கூடாதே என்றார் பொன்னுசாமி. அதையும் வாசித்தேன். சான்று வேண்டுமென்றால் மாடு வெளியே போக வேண்டும். மாடு வெளியே போக வேண்டுமென்றால் சான்று வேண்டும்.

கோதண்டம் தன் வரைவைத் தானே வாங்கிப் படித்தார். இரண்டு பிரிவும் வெவ்வேறு மாதத்தில் எழுதியவை என்று முனகினார். நீதிபதிக்கு ஒரே சந்தோஷம். தொடையில் தட்டிக்கொண்டு, போதும், நடிப்பு முடிந்தது, மாட்டை விடப்பா என்றார்.

"நடிப்புங்களா? அப்படியொன்னும் எனக்குப் பேப்பர் வரலீங்களே" என்றார் பொன்னுசாமி.

எடுத்துச் சொன்னோம். அவர் கேட்கக் கேட்க இன்னும் பயந்தார். பெரிய மனிதர்கள் நான்கு பேர் சேர்ந்து வாய்வார்த்தையாக மாட்டை விடச் சொல்வது அவருக்கு ஏற்கெனவே பழகிய கதை. கடைசியில் நீதிபதி, நானே உத்தரவு எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார். பொன்னுசாமி எங்கள் காரின் முன்னால் கட்டியிருந்த பலகையைப் பார்த்தார்.

"அய்யா கோவிச்சுக்கக் கூடாதுங்க. கார்ல ஆலோசனைக் குழுன்னு போட்டிருக்குதுங்க. ஆலோசனை சொல்றவங்க உத்தரவு எப்படிங்க போடுவீங்க?"

நீதிபதி பேனாவை மூடினார். எங்களை நியமித்த அரசாணையிலும் அப்படித்தான் இருந்தது. யோசனை சொல்லலாம், அதற்குமேல் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது. சேலத்துக்குப் போன் போட்டோம். சனிக்கிழமை சாயங்காலம், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

வெயில் தாழ்ந்தது. மல்லி கத்தத் தொடங்கியது. மடி கனத்துப் பால் தானாகச் சொட்டியது. அந்த நேரத்தில் குறுக்கு வழியாக வெள்ளையம்மா வந்து சேர்ந்தார், மூச்சிரைக்க. வரும்போதே ரோட்டிலிருந்து கூப்பிட்டார். அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறும் ஒரு கூப்பாடு. எழுத்தில் கொண்டுவர முடியாது. மல்லி ஒரே ஓட்டமாக வந்து கதவின் மேல் தலையை வைத்துக்கொண்டது.

பொன்னுசாமி தரையைப் பார்த்தார். வெள்ளையம்மா என்னிடம் வந்தார்.

"நீதான் சட்டமுன்னு சொன்னாங்க. நீயாச்சும் சொல்லு கண்ணு. அங்க கன்னு வகுறொட்டிக் கெடக்குது."

நான் பக்கங்களைப் புரட்டினேன். கூப்பிட்டால் மாடு வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. இல்லாததை வாசிக்க முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு நாள் ரசித்துப் போட்ட வேஷம் அந்த நிமிஷத்தில் கசந்துபோயிற்று.

நீதிபதி தொப்பியைக் கழற்றினார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்றார்.

"வாக்க வெச்சுக் கன்னுக்கு என்னங்க ஊட்டறது?" என்றார் வெள்ளையம்மா.

மாடு போக முடியாவிட்டால் கன்று வரட்டும் என்று நீதிபதி முடிவு செய்தார். வேஷப்படி மாட்டுக்காரர் கோதண்டம். அவரே காரில் போனார். திரும்பி வரும்போது அரசாங்க அம்பாசிடரின் பின் சீட்டில் கோதண்டம் ஒரு ஓரமாக ஒடுங்கியிருந்தார், கன்று தாராளமாக உட்கார்ந்திருந்தது. அவர் மடி நனைந்திருந்தது, யாரும் காரணம் கேட்கவில்லை.

கன்று பால் குடித்தால் அது கறப்பதாகுமா என்று பொன்னுசாமிக்குச் சந்தேகம். நீதிபதி கேட்க, எந்த நபரும் என்று நான் வாசித்தேன். கன்று நபரா என்று நிபுணரைக் கேட்டார். தம் அனுபவத்தில் இல்லை என்று டாக்டர் ரங்கராஜன் மிகுந்த யோசனைக்குப் பிறகு கருத்துச் சொன்னார். பொன்னுசாமி கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். கன்று உள்ளே பாய்ந்து முட்டி முட்டிக் குடித்தது. எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. பொன்னுசாமி மறுபடி கதவைப் பூட்டினார். இப்போது இரண்டு உருப்படி அடைபட்டிருக்கிறது என்றார். நானல்லவா கூட்டி வந்தேன், அது எங்கே அத்துமீறியது என்று கோதண்டம் கிட்டத்தட்ட அலறினார். உள்ளே வந்தது வந்ததுதானுங்க, அய்யா எழுதினதுதான் என்று பொன்னுசாமி பிரதியை நீட்டினார்.

வெள்ளையம்மா எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். பவுண்டின் கம்பி வேலிக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்தார். மாட்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மாடும் இங்க, கன்னும் இங்க. இனி இதுதானுங்க என்ற ஊடு, கட்டுத்தரை எல்லாம். மருமவகிட்டச் சொல்லி எனக்குக் கூழு குடுத்துவுடச் சொல்லுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நீதிபதி தொப்பியை மெல்ல எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஸ்டெல்லாம்மா. தொழுவம்னா என்னன்னு சட்டம் சொல்லுது?"

எழுந்து நின்று வாசித்தேன். உரிமையாளர் தம் கால்நடையைத் தம் பார்வையில் வைத்திருக்கும் இடம்.

"எத்தனை நாளான்னு இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

அதற்குள் டாக்டர் கம்பிக்குள் பாதி நுழைந்து மாட்டிக்கொண்டிருந்தார். இழுத்துவிட்டோம். மாட்டையும் கன்றையும் பல்லைப் பிடித்துப் பார்த்து, உரிமையாளரின் தொழுவத்திலேயே பரிசோதித்தேன் என்று சான்று எழுதினார். நீதிபதி தம் சான்றில் கன்றையும் சேர்த்தார். பொன்னுசாமி ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாம் இருந்தது. அவசரமாகப் பூட்டைத் திறந்தார். கன்றைத் தானே தூக்கிக்கொண்டு ரோடு வரை நடந்தார். "எனக்குந்தானுங்க நொம்பப் பாவமா இருந்துச்சு" என்று வெள்ளையம்மாவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் அந்தப் பிரிவுகளை முதலில் அடித்தவர் கோதண்டம். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று எழுதினார்கள். மாட்டுக்காரர் வந்து கூப்பிட வேண்டியது. மாடு வந்தால் அக்கணமே கொடுத்துவிட வேண்டியது. சான்று எதுவும் வேண்டாம். அதையும் நடத்திப் பார்த்தோம். ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளைப் பார்த்து டாக்டர் ரங்கராஜன் வகை வகையாகக் கூப்பிட்டார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. நல்ல பிரிவு என்று நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

குழு கொடுத்த அறிக்கையில் பெரும்பகுதி எந்த அலமாரிக்குப் போனதோ தெரியாது. யோசனை சொல்கிறவர்களின் கதி அதுதான். ஆனால் அந்த ஒரு பிரிவு மட்டும் எப்படியோ தப்பித்துச் சட்டமாகிவிட்டது. நிபுணர் குழுவெல்லாம் வெட்டிச் செலவு என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எங்கள் ஆட்கள் மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஜனங்கள் போய் மாட்டிக்கொள்வதற்கு முன்னால் இவர்கள் போய் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு ஒரு இடம் வேண்டாமா?

பிறகு சென்னைக்கு மாற்றலாகி, பணியை முடித்து, ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆசைக்கு ஒரு மாடு வாங்கினேன். லில்லி என்று பெயர் வைத்தேன். முழங்கால் வலியால் நான் கொட்டகைப் பக்கம் போவதில்லை. தவிடு வைப்பது, கறப்பது எல்லாம் பக்கத்து வீட்டுச் செல்விதான். போன மாதம் லில்லி ஒரு எஸ்டேட்டுக்குள் புகுந்து பவுண்டுக்குப் போய்விட்டது. தகவல் வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

பவுண்டில் இப்போது ஒரு வாலிபர் இருக்கிறார், மரியாதையானவர். இந்தச் சட்டத்தை டைப் அடித்ததே நான்தான் என்று சொன்னேன். சந்தோஷமுங்கம்மா, கூப்பிடுங்க என்றார்.

கூப்பிட்டேன். லில்லி அசை போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டேன். வெள்ளையம்மாவின் கூப்பாட்டையும் நினைவிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். அது திரும்பி நின்றுகொண்டது. வேற யாராச்சும் வந்து கூப்பிடட்டுங்கம்மா என்றார் அந்த வாலிபர், என் முகத்தைப் பார்க்காமல். செல்விக்கு ஆள் அனுப்பினேன். அவள் ரோட்டு முனையில் வரும்போதே ஒரு சத்தம் கொடுத்தாள், லில்லி கதவை முட்டிக்கொண்டு வந்தது. வாலிபர் கயிற்றை அவள் கையில் கொடுத்தார், என் கையில் கொடுக்கவில்லை. வழியெல்லாம் அவள் மாட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன்.

யோசித்துப் பார்த்தேன். சட்டத்தில் பிழை எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து காலையில் தவிடு கரைத்து வைப்பது நான்தான். கூப்பிட்டால் இன்னும் வருவதில்லை. ஆனால் நேற்று ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.